கேளாத செவிக்குச் சான்றிதழ்

அரபு மொழியில் மாநாட்டை ‘முஃதமர்’ என்கிறோம். ஒருவரோடொருவர் கலந்தாலோசித்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் வழங்கும் ‘கருத்தரங்கம்’ என்பதும் ஏறத்தாழ அதே பொருளையே சுட்டுகின்றது. ஒருவர் தம் கருத்தை அவையின் முன் வைக்கிறார். அவையோர் கேட்கின்றனர், ஐயம் எழுப்புகின்றனர், மறுக்கின்றனர், திருத்துகின்றனர். இன்று உயர்கல்வி நிலையங்களில் இப்பெயர்களால் கூட்டப்பெறும் அவைகளுள் பலவற்றில் வரவேற்புரை உண்டு, பொன்னாடை உண்டு, நினைவுப் பரிசு உண்டு, விருந்து உண்டு, இறுதியில் சான்றிதழும் உண்டு. கலந்தாலோசனையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இந்நிலை குறித்துக் கல்வியாளர்களிடையே முணுமுணுப்பு நெடுநாளாக உண்டு. எழுத்தில் வந்தது குறைவு. எழுதியோரும் பெரும்பாலும் போலி மாநாடுகளை நடத்தும் வணிகர்களைச் சாடுவதோடு நின்றுவிடுகின்றனர். வணிகர்களைச் சாடுவது எளிது. அவர்கள் நம் உறவினரல்லர், நம் துறைத் தலைவரும் அல்லர். ஆயினும் அவர்களிடமிருந்தே தொடங்குவோம். அவர்களுடைய கதை ஏற்கெனவே நன்கு விசாரிக்கப்பட்டுவிட்டது.

2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மாணவர் மூவர் ‘சைஜென்’ என்றொரு மென்பொருளை உருவாக்கினர். கணினி அறிவியலின் கலைச்சொற்களை எவ்விதப் பொருளுமின்றிக் கோத்து, வரைபடங்களும் மேற்கோள் பட்டியலும் சேர்த்து, ஆய்வுக் கட்டுரையின் தோற்றத்தில் ஒன்றைச் சில நொடிகளில் தந்துவிடும் கருவி அது. அவ்வாறு விளைந்த இரண்டு கட்டுரைகளை, ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் நடைபெறவிருந்த ஒரு பன்னாட்டு மாநாட்டுக்கு அனுப்பினர். ஒன்று ஏற்கப்பட்டது. ‘மதிப்பீடு செய்யப்படாத கட்டுரை’ என்னும் வகையில் அதனை ஏற்றதாக அமைப்பாளர்கள் பின்னர் விளக்கம் கூறினர்! செய்தி பரவியதும் அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. மாணவர்கள் விடவில்லை. மாநாடு நடந்த அதே விடுதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கள் பொருளற்ற உரைகளை அங்கேயே நிகழ்த்திவிட்டுத் திரும்பினர்.

இதைப் படிக்கும் நம் வாசகர்களுக்கு பக்தாது நகரின் பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வரக்கூடும். இமாம் புகாரி (ரஹ்) அந்நகருக்கு வந்தபோது, அங்கிருந்த ஹதீஸ்கலை அறிஞர்கள் நூறு நபிமொழிகளைத் தேர்ந்து, ஒன்றன் அறிவிப்பாளர் தொடரை மற்றொன்றன் வாசகத்தோடு மாற்றிப் பொருத்தி, பத்துப் பேர் வழியாக அவர்கள் முன் வாசிக்கச் செய்தனர். ஒவ்வொன்றுக்கும் ‘இதனை நான் அறியேன்’ என்றார்கள் இமாம். நூறும் முடிந்த பின், ஒவ்வொன்றையும் வரிசை பிறழாமல் அதனதன் உரிய தொடரோடு சேர்த்துரைத்தார்கள். கதீபுல் பக்தாதீ தம் வரலாற்று நூலில் இதைப் பதிவு செய்துள்ளார். சோதிக்கும் முறை இரண்டிடத்தும் ஒன்றே. ஆர்லாண்டோவில் ‘இதனை நான் அறியேன்’ என்று சொல்ல இருக்கையில் எவரும் இல்லை என்பதே வேறுபாடு.

இது ஏதோ ஒரு மூலையில் நடந்த கேலிக்கூத்து என்று அப்போது பலர் கருதினர். ஆனால் பிரெஞ்சு ஆய்வாளர் சிரில் லாபே அந்த மென்பொருள் விட்டுச்செல்லும் தடயங்களைக் கொண்டு தேடியபோது, 2014இல் ஸ்ப்ரிங்கர், ஐ.இ.இ.இ. ஆகிய இரு பெரும் பதிப்பு நிறுவனங்களும் 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தம் தொகுப்புகளிலிருந்து நீக்க நேர்ந்தது. அவை 2008க்கும் 2013க்கும் இடையில் மாநாட்டுத் தொகுப்புகளில் இடம்பெற்றவை. மாணவர்கள் கேலிக்காகச் செய்த கருவியைப் பிறர் பிழைப்புக்காகப் பயன்படுத்தியிருக்கின்றனர். மதிப்பு வாய்ந்த பெயர்களின் கீழும் அவை பல ஆண்டுகள் அச்சில் இருந்தன, எவரும் படிக்கவில்லை. படித்திருந்தால் முதற் பத்தியிலேயே பிடிபட்டிருக்கும்.

2016இல் நியூசிலாந்தின் கேண்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் பார்ட்னெக்குக்கு அட்லாண்டாவில் நடக்கவிருந்த அணு இயற்பியல் மாநாடு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவருக்கு அத்துறையில் பயிற்சியில்லை. கைப்பேசியில் ‘அணு’ என்று தொடங்கி, அடுத்த சொல்லாக அது தானே பரிந்துரைத்தவற்றைத் தொட்டுத் தொட்டே ஒரு கட்டுரைச் சுருக்கத்தைக் கோத்து, புனைபெயரில் அனுப்பினார். மூன்று மணி நேரத்திற்குள் ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. உடன் 1,099 டாலர் பதிவுக் கட்டணம் செலுத்துமாறு கோரிக்கையும் வந்தது. அம்மாநாட்டை நடத்தியது ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். அதே 2016இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இக்குழுமத்தின் மீது வழக்குத் தொடுத்தது. புகழ்பெற்ற அறிஞர்களின் பெயர்களை அவர்களது இசைவின்றியே மாநாட்டு விளம்பரங்களில் பயன்படுத்தியது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2019 மார்ச்சில் நெவாடா நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்துமாறு தீர்ப்பளித்தது.

வணிகனின் கதை இவ்வளவுதான். ஐந்து கோடி டாலர் அளவுக்கு ஒரு சரக்கு விற்கிறதென்றால் வாங்குவோர் இருக்கின்றனர் என்பது பொருள். அவர்களெல்லாம் ஏமாந்தவர்கள் என்று நம்ப நமக்கு விருப்பமே. ஆனால் அவ்வாறு சொல்லிவிட முடியாது. எத்தனையோ பேர் தெரிந்தே வாங்கினர். அவர்களை அந்தக் கடைக்கு அனுப்பி வைத்தது எது என்பதுதான் பேச வேண்டிய செய்தி.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் வெளியிட்ட விதிகள், ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தன. சர்வதேசக் கருத்தரங்கில் ஒரு கட்டுரை வாசித்தால் 10 மதிப்பெண். தேசியக் கருத்தரங்கென்றால் 7.5, மாநில அளவில் 5, கல்லூரி அளவில் 3. உள்ளூர்ப் பதிப்பகம் வெளியிட்ட, ஒருவர் தனித்து எழுதிய துறைசார் நூலுக்கு 15. ஆக, ஐந்தாண்டுகள் உழைத்து ஒரு நூலை எழுதியவர் பெறும் மதிப்பெண்ணை, ‘சர்வதேச’ என்னும் அடைமொழி கொண்ட இரண்டு கூட்டங்களில் பத்துப் பத்து நிமிடம் பேசியவர் எளிதாகக் கடந்துவிடலாம். 2016இல் வந்த முனைவர் பட்ட விதிகளோ, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை அச்சாக வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்று மாணவர்களையும் இதே வரிசையில் கொண்டுவந்து நிறுத்தின.

இவ்விதிகள் பிற்காலத்தில் தளர்ந்தன. 2018 விதிகள் கருத்தரங்க மதிப்பெண்களைக் குறைத்ததோடு, சில இனங்களைச் சேர்த்து 30 விழுக்காடு என்னும் உச்சவரம்பையும் வைத்தன. 2022இல் முனைவர் பட்டத்துக்கு முந்தைய கட்டாய வெளியீடும் நீக்கப்பட்டது. ஆயினும் ஒரு தலைமுறை பழகிய பழக்கம் ஓர் அரசிதழ் அறிவிப்பால் போய்விடுவதில்லை. நேர்காணலுக்கு வரும் இளைஞர் இன்றும் தடித்த கோப்போடுதான் வருகிறார். அதைப் புரட்டுவோரும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை, எண்ணுகின்றனர்.

நம் பகுதிக் கல்லூரிகளில் நடப்பதை வாசகர் அறிவர். கொழும்பிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஓர் அறிஞர் வந்து தொடக்கவுரை ஆற்றிவிட்டால் அது சர்வதேசக் கருத்தரங்கமாகிவிடும். நூறு, நூற்றைம்பது கட்டுரைகளின் தொகுப்பு, சர்வதேசத் தர நூல் எண்ணோடு, கருத்தரங்கம் தொடங்கும் முன்னரே அச்சாகித் தயாராக இருக்கும். அவையோரின் திருத்தத்துக்கு அதில் இடமெங்கே? முற்பகல் முழுதும் வாழ்த்துரைகளில் கழியும். எஞ்சிய நேரத்தில் நான்கைந்து அறைகளில் ஒரே வேளையில் அமர்வுகள். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். தம் பெயர் அழைக்கப்படும் வரை காத்திருந்து, வாசித்து முடித்த கையோடு சான்றிதழ் மேசைக்குச் செல்வது இன்று எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் இதுவும் சுருங்கியது. இணையவழிக் கூட்டத்தின் முடிவில் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும், சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து விழும். ஒரு கூட்டத்தைக் கணினியிலும் மற்றொன்றைக் கைப்பேசியிலும் திறந்து வைத்துவிட்டுச் சமையலைக் கவனித்தவர்கள் உண்டு.

இவ்விடத்தில் ஹதீஸ்கலை மாணவருக்கு ஒரு செய்தி உறுத்தாமல் போகாது. கூட்டத்தில் பங்கேற்றமைக்குச் சான்று வழங்கும் வழக்கத்தை முஸ்லிம் உலகம் பன்னூற்றாண்டுகளுக்கு முன்பே மிக விரிவாக வளர்த்திருந்தது. ஒரு நூலை ஆசிரியர் முன்னிலையில் வாசித்து முடித்ததும், அந்தப் படியின் ஓரத்திலோ இறுதி ஏட்டிலோ ‘ஸமாஉ’ எனப்படும் செவியேற்புக் குறிப்பு எழுதப்படும். வாசித்தவர் யார், எந்த ஆசிரியர் முன்னிலையில், எந்தப் பள்ளியில் அல்லது இல்லத்தில், எந்த நாளில், கேட்டோர் எவரெவர் என்பன அதில் இடம்பெறும். டமாஸ்கஸ் நகரில் மட்டும் ஹிஜ்ரி 550க்கும் 750க்கும் இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் எழுதப்பட்ட இத்தகைய குறிப்புகளுக்கு ஒரு பெரும் அகராதியே 1996இல் அந்நகரில் வெளியிடப்பட்டது. அறிஞர்களோடு வணிகர், கைவினைஞர், பெண்கள், அடிமைகள், சிறுவர்கள் என்று சமூகத்தின் பல படிகளைச் சேர்ந்தோரின் பெயர்களும் இக்குறிப்புகளில் உள்ளன.

நம் கவனத்துக்குரியது அக்குறிப்புகளின் கறார்த்தன்மை. ஒருவர் தாமதமாக வந்திருந்தால், இன்ன பகுதி அவருக்குத் தவறிவிட்டது என்று எழுதினர். இடையே உறங்கியவரை உறங்கியவர் என்றும், பேசிக்கொண்டிருந்தவரைப் பேசிக்கொண்டிருந்தவர் என்றும் எழுதிய குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. டமாஸ்கஸில் ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் ‘முகத்திமா’வில் இவற்றைச் சட்டப் பிரச்சினைகளாகவே எடுத்து ஆராய்கிறார். வாசிப்பு நடக்கையில் ஒருவர் வேறெதையோ படியெடுத்துக்கொண்டிருந்தால் அவரது செவியேற்பு செல்லுமா? செல்லாது என்று கூறியோர் உண்டு. வாசிக்கப்படுவது இன்னதென்று அவர் விளங்கிக்கொள்ளாதவாறு அந்த வேலை தடுத்தால் செல்லாது, இல்லையேல் செல்லும் என்பது இப்னுஸ் ஸலாஹின் முடிவு. இதற்குச் சான்றாக அவர் தாரகுத்னீ (ரஹ்) அவர்களின் இளமைக்கால நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார். இஸ்மாயீல் அஸ்ஸஃப்பாரின் அவையில் எழுதிக்கொண்டே அமர்ந்திருந்த அவரை நோக்கி, ‘உமது செவியேற்பு செல்லாது’ என்றார் ஒருவர். ஆசிரியர் இதுவரை எத்தனை ஹதீஸ்கள் சொன்னார் என்று தாரகுத்னீ திருப்பிக் கேட்க, அவர் அறியவில்லை. ‘பதினெட்டு’ என்று கூறிய தாரகுத்னீ, அந்தப் பதினெட்டையும் தொடரோடும் வாசகத்தோடும் வரிசையாக ஒப்புவித்து அவையை வியக்கச் செய்தார்.

அத்தோடு நிற்கவில்லை இப்னுஸ் ஸலாஹ். ஆசிரியரோ மாணவரோ பேசிக்கொண்டிருந்தால், வாசிப்பவர் அளவு மீறி வேகமாக வாசித்தால், சொற்கள் விளங்காமல் முணுமுணுத்தால், கேட்பவர் தொலைவில் அமர்ந்திருந்தால் இதே விதிதான் என்கிறார். ஐந்து நிமிடத்தில் பதினைந்து பக்கம் வாசிக்கும் நம் காலத்துக் கட்டுரையாளர்களை அவர் கண்டிருந்தால் என்ன தீர்ப்பு வழங்கியிருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று. ஓரிரு சொற்கள் தவறுவதை அவர் மன்னிக்கிறார். அவ்வாறு தவறியவற்றுக்கு ஈடாகக் கேட்டோர் அனைவருக்கும் ஆசிரியர் இஜாஸத்தும் வழங்கிவிடுவது நன்று என்கிறார். குறையே நேராது என்று அவர் கற்பனை செய்யவில்லை. குறை இருந்தால் அது ஏட்டில் தெரிய வேண்டும் என்பதே அவரது கவலை.

இன்னொரு நுட்பமும் அந்நூலில் உண்டு. ஐந்து வயது நிரம்பிய சிறுவனின் பெயருக்கு எதிரே ‘ஸமிஅ’, அதாவது ‘செவியேற்றான்’ என்று எழுதுவர். அதற்கும் குறைந்த வயதுடைய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தால் ‘ஹளர’, ‘வந்திருந்தான்’ என்று மட்டுமே எழுதுவர். உடல் அவையில் இருந்தது, அவ்வளவே. இந்த வேறுபாட்டைக் கைக்கொண்டால் நம் கருத்தரங்கச் சான்றிதழ்களுள் பெரும்பாலானவை நான்கு வயதுக் குழந்தைக்குரிய சொல்லைத்தான் தாங்க முடியும். சிலவற்றுக்கு அதுவும் மிகையாகும்.

இன்றைய அரபு மொழியில் சான்றிதழுக்கு வழங்கும் பெயர் ‘ஷஹாதா’. சாட்சியம் என்பதற்கும் அதுவே சொல். ‘இன்னார் இக்கருத்தரங்கில் முழுமையாகப் பங்கேற்றுக் கட்டுரை வழங்கினார்’ என்று அச்சிட்ட தாள்களை முதல்நாளே அடுக்கி வைத்துக் கையொப்பமிடுபவர், தாம் காணாத ஒன்றுக்குச் சாட்சி சொல்கிறார். ஒரு நிலத் தகராறில் இவ்வாறு சாட்சி சொல்லத் துணியாத நல்லவர்கள் இதைத் தயக்கமின்றிச் செய்கின்றனர். அது வெறும் தாள்தானே என்பர். அந்தத் தாளை வைத்து ஒருவருக்கு வேலை கிடைக்கிறது. அது இல்லாத மற்றொருவருக்கு மறுக்கப்படுகிறது. ஆகவே இது மூன்றாமவரின் உரிமை சம்பந்தப்பட்ட சாட்சியம். ஆர்லாண்டோ அமைப்பாளர்களையும் ஹைதராபாத் நிறுவனத்தையும் விட நாம் இக்கையொப்பங்களையே கடுமையாகக் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

கட்டணம் செலுத்திச் சான்றிதழ் பெறும் இளம் ஆய்வாளரை நாம் அவ்வாறு கருதவில்லை. தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஒரு கௌரவ விரிவுரையாளரிடம், கோப்பைத் தடிமனாக்காதே என்று உபதேசிக்க யாருக்கு உரிமை உண்டு? விதியை வகுத்தவரும், தேர்வுக் குழுவில் அமர்ந்து எண்ணிக்கை பார்த்தவரும் அவரல்லர். சிற்றூர்க் கல்லூரிகளில் நடக்கும் சிறு கருத்தரங்குகளை ஒட்டுமொத்தமாக இகழ்வதும் அறமாகாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒரு பெண், நடுங்கும் குரலில் தம் முதற் கட்டுரையை நாற்பது பேர் முன் வாசிக்கும் மேடை அது. அக்கட்டுரையில் புதிதாக ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். கேட்டுத் திருத்த ஓர் ஆசிரியர் அங்கே அமர்ந்திருந்தால் அடுத்த கட்டுரையில் இருக்கும். அவர் வாசிக்கையில் அமர்வுத் தலைவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நம்மை வருத்துகிறது.

மாநாடு என்னும் வடிவமே பயனற்றது என்பாரும் உளர். நமக்கு அது உடன்பாடன்று. 1966இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாடும், 1973இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடும் மதிப்பெண் முறை எதுவும் பிறவாத காலத்தவை. அங்கே சென்றவர்களுக்குப் பதவி உயர்வு வாக்களிக்கப்படவில்லை. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்று தனியே ஆராயத்தக்க ஒரு பரப்பு உண்டு என்னும் எண்ணம் கல்வியுலகில் ஊன்றியதில் அத்தகைய மாநாடுகளுக்குப் பங்குண்டு.

நோய்க்கு மருந்தாக அரசும் அறிஞரும் இதுகாறும் நம்பியது பட்டியல்களை. கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் தயாரித்து வந்த ஐயத்துக்குரிய வெளியீட்டாளர் பட்டியல் 2017 ஜனவரியில் நின்றுபோயிற்று. மானியக் குழு தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை ஒரே மூச்சில் நீக்கியது. அத்தனையும் அதுவரை அங்கீகரிக்கப்பட்டவையாக இருந்தன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 2019இல் ‘கேர்’ என்னும் புதிய பட்டியல் வந்தது. பட்டியலில் உள்ள நல்ல இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளங்கள் முளைத்தன. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. அறிவிப்பாளர்களைக் குறித்து நம் முன்னோரும் பட்டியல்கள் வைத்திருந்தனர், மறுக்கவில்லை. ஆனால் ஒருவரைக் குறைகூறினால் காரணத்தை விளக்க வேண்டும் என்று அவர்களுள் பெரும்பாலோர் வற்புறுத்தினர். பட்டியலைப் பார்த்துவிட்டுக் கட்டுரையைப் படிக்காமல் விடுவது அங்கே இயலாது. பொருளுடையன போலத் தோன்றும் வாசகங்களை இயந்திரமே வேண்டிய மொழியில் எழுதித் தரும் இக்காலத்திலோ, படிப்பதைத் தவிர வேறு சோதனையே எஞ்சவில்லை. சைஜென் கட்டுரையை முதற் பத்தியில் பிடித்துவிடலாம். இன்றைய கட்டுரையைப் பிடிக்கத் துறையறிந்தவர் முழுதும் படித்தாக வேண்டும்.

இதனால் நாம் இழப்பது என்ன என்பதற்கு நம் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளும் பழைய கல்லச்சுப் பிரதிகளும் குடும்பப் பெட்டிகளில் உள்ளன. அவற்றைப் படிக்க அரபு எழுத்தும் வேண்டும், பழந்தமிழ்ப் பயிற்சியும் வேண்டும், கரையான் அரித்த ஏட்டை விரல்படாமல் புரட்டும் பொறுமையும் வேண்டும். இம்மூன்றும் வாய்த்த இளைஞர்கள் மிகச் சிலரே. அரபுக் கல்லூரியில் ஓதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் செல்லும் நம் மாணவர்களுள்தான் அவர்கள் கிடைப்பர். ஒரு பெட்டியிலுள்ள படிகளுக்கு ஒழுங்கான விவர அட்டவணை தயாரிக்க ஓராண்டு பிடிக்கும். அந்த ஓராண்டில் பத்துக் கருத்தரங்குகளுக்குச் சென்று வரலாம். அந்த இளைஞர் எதைத் தேர்வார், எதைத் தேரும்படி அவருடைய வழிகாட்டி அறிவுரை கூறுவார்? அவர் பத்தாவது கருத்தரங்கிலிருந்து திரும்பும் வரை கரையான் காத்திருப்பதில்லை.

மதிப்பெண் விதிகளை மாற்றுவது நம் கையில் இல்லை. சான்றிதழின் வாசகத்தை மாற்றுவதோ அதை வழங்கும் கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. அதற்கு எந்த ஆணையமும் தடை விதிக்கவில்லை. கருத்தரங்கம் நடத்தும் நம் சமுதாயக் கல்லூரிகளுள் ஒன்றேனும் இப்னுஸ் ஸலாஹின் முறையைச் சோதித்துப் பார்க்கலாம். அமர்வு முடிந்த பின்னரே சான்றிதழ் எழுதப்படட்டும். ‘செவியேற்றார்’ என்று ஒரு கட்டம், ‘வந்திருந்தார்’ என்று ஒரு கட்டம். தவறவிட்ட அமர்வு எது என்பதற்கு ஒரு வரி. அமர்வுத் தலைவர் தாம் கண்டதற்கு மட்டும் கையொப்பமிடட்டும். இப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு நூற்றைம்பது கட்டுரைகள் வாரா, இருபதுதான் வரும் என்று கருத்தரங்கப் பொறுப்பாளர் ஒருவர் நம்மிடம் அஞ்சிக் கூறினார். இருபது வந்தால் ஒவ்வொன்றுக்கும் அரைமணி ஒதுக்கலாம். பதினைந்து நிமிடம் வாசிக்க, பதினைந்து நிமிடம் கேள்வி கேட்க.